நான்காம் நிலைச் செய்தி

கண்ணில் விடும் சொட்டு மருந்து தயாரிக்கும் அந்தத் தொழிற்சாலையில் கெட்ட செய்தி சொல்ல வேண்டுமானால் நான்காம் நிலையில் தேறியிருக்க வேண்டும். நல்ல செய்திக்கு முதல் நிலை போதும்.

முதலாளி வெளிநாடு போய்வந்த பிறகு வந்த ஏற்பாடு இது. ஆறு நாள் போயிருந்தார். திரும்பிய அன்றே எல்லோரையும் பெட்டி கட்டும் கூடத்தில் நிற்கவைத்துப் பேசினார்.

“அங்க ஆபீஸ்ல எவ்வளவு இயல்பா பேசிக்கறாங்க தெரியுமா? பெரியவன் சின்னவன் கிடையாது. ஒருத்தன் என் தோள்ல கை போட்டு ‘வாட்ஸ் அப், ப்ரோ’ன்னான். எனக்கு அழுகையே வந்துடுச்சு. இங்க நான் நடந்து வந்தா நீங்கல்லாம் செவுத்தோட ஒட்டிக்கறீங்க. பார்க்கவே அசிங்கமா இருக்கு. இனிமே எல்லாரும் இயல்பா இருக்கணும். என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடணும். இயல்பா இல்லாதவங்க மேல நடவடிக்கை எடுப்பேன்.”

எல்லோரும் கைதட்டினார்கள். மறுநாள் காலை ஒரே ஓர் ஊழியர் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். மாலைக்குள் அவர் கிடங்குக்கு மாற்றப்பட்டார். கூப்பிட்டதில் இயல்பு போதவில்லை என்று உத்தரவில் இருந்தது.

பிறகு இயல்புப் பேச்சுத் துறை தொடங்கினார்கள். ஆய்வகத்துக்கென்று கட்டியிருந்த குளிர் அறையைத் துறைக்குக் கொடுத்தார்கள். மருந்து மாதிரிகள் நடைபாதைக்கு வந்தன. அலுவலக ஆங்கிலத்தில் இயல்பாகப் புழங்கும் சொற்றொடர்களைத் துறை நான்கு நிலைகளாகப் பிரித்தது. முதல் நிலை மகிழ்ச்சி. ‘ஆசம்’, ‘நெயில்ட் இட்’ எல்லாம் அதில் வரும். இரண்டாம் நிலை ஒத்துப்போவது. ‘வி ஆர் ஆன் த சேம் பேஜ்’ என்று சொல்லிவிட்டுத் தலையை மூன்று முறை ஆட்ட வேண்டும். மூன்றாம் நிலை தள்ளிப்போடுவது. ‘லெட்ஸ் சர்க்கிள் பேக்’ என்றால் அந்தப் பேச்சை இனி எடுக்காதே என்று பொருள். நான்காம் நிலை கெட்ட செய்தி.

சாதாரணமாகச் சொல்வதற்கு ‘வெறும் பேச்சு’ என்று பெயர் வைத்தார்கள். நோட்டுப் புத்தகத்தோடு கேட்பாளர்கள் என்று சிலரை மூலைக்கு மூலை நிறுத்தினார்கள். ஒருமுறை வெறும் பேச்சு பேசினால் ஒரு குறி. மூன்று குறி விழுந்தால் வேலை இல்லை.

அறுநூறு பேரில் ஒன்பது பேர் நான்காம் நிலையில் தேறியிருந்தார்கள். ஒன்பது பேரும் அந்தத் துறையிலேயே இருந்தார்கள். அறையைவிட்டு வெளியே வராததால் அவர்களுக்குச் சொல்வதற்குக் கெட்ட செய்தி எதுவும் கிடைக்கவில்லை.

ஆய்வகத்தில் இருந்தவளை எல்லோரும் டெஸ்டிங் என்று கூப்பிட்டார்கள். இளையவர்களுக்கு டெஸ்டிங் அக்கா. ஒவ்வொரு பேட்சிலிருந்தும் இருபது புட்டிகளை எடுத்து, ஒவ்வொன்றின் மருந்தையும் ஊட்டக் கரைசல் உள்ள கண்ணாடிக் குழாயில் விட்டு, பதினான்கு நாள் வெதுவெதுப்பான பெட்டியில் வைத்திருப்பாள். தினமும் குழாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பாள். தெளிவாக இருந்தால் மருந்து நல்லது. கலங்கினால் உள்ளே ஏதோ உயிரோடு இருக்கிறது.

அந்தப் புதன்கிழமை விடிகாலை, நாற்பத்தேழாம் பேட்சின் பதினான்காம் நாள், மூன்று குழாய்கள் கலங்கியிருந்தன.

அவள் முதலில் தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். மருந்து விடாமல் வைத்திருந்த ஒப்பீட்டுக் குழாய்களைப் பார்த்தாள். அவை தெளிவாக இருந்தன. கலங்கியதில் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தாள். குட்டைக் குட்டையான கோல்கள் நகர்ந்துகொண்டிருந்தன. கண்ணுக்குள் போனால் இரண்டு நாளில் கருவிழியைத் தின்றுவிடக்கூடியவை.

அறிக்கைத் தாளை எடுத்தாள். அதில் ‘தேறவில்லை’ என்ற கட்டத்தைத் துறை போன வருடமே நீக்கியிருந்தது. படிப்பவர்கள் சோர்ந்துபோகிறார்களாம். இப்போது ‘ஆசம்’, ‘சூப்பர் ஆசம்’ என்று இரண்டு கட்டங்கள்தான். எதிலும் குறியிடாவிட்டால் ஆசம் என்று கொள்ளப்படும் என்று அடியில் அச்சிட்டிருந்தது.

அதனால் அவள் வட்டத்தில் சொல்லலாம் என்று போனாள்.

வட்டம் என்பது தினமும் காலை எட்டரைக்கு எல்லோரும் வட்டமாக நின்று பேசும் கூட்டம். தயாரிப்புப் பொறுப்பாளர் நடுவில் ஒரு மஞ்சள் ரப்பர் பந்தோடு நிற்பார். பந்து யார் கைக்குப் போகிறதோ அவர் இயல்பாகப் பேச வேண்டும்.

“ஹே டெஸ்டிங்! வாட்ஸ் குக்கிங்?” என்று பந்தை எறிந்தார்.

“சார், நாப்பத்தேழுல மூணு குழாய் கலங்கியிருக்கு.”

கேட்பாளர் நோட்டைத் திறந்தார். பக்கத்தில் நின்றவர்கள் அரையடி தள்ளிப் போனார்கள்.

“என்ன சொன்னீங்க?”

“கலங்கியிருக்கு சார். அனுப்பக் கூடாது.”

“அது காதுல விழுந்துச்சும்மா. நீங்க எந்த நிலை?”

“மூணு.”

“மூணாம் நிலைல இருந்துக்கிட்டு இதைச் சொல்லலாமா?” பொறுப்பாளர் குரலைத் தாழ்த்தினார். “எனக்குப் புரியலன்னு நெனைக்காதீங்க. நல்லாவே புரியுது. ஆனா புரிஞ்சுதுன்னு ஒத்துக்கிட்டா வெறும் பேச்சு கேட்டவன்னு எனக்கு அரைக் குறி போடுவாங்க. ஏற்கெனவே ரெண்டரை இருக்கு. என் பையன் காலேஜ் முடிக்கணும். பந்தைக் குடுங்க.”

அவளுக்கு அது இரண்டாவது குறி. முதல் குறி, பெண்கள் கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று சொன்னதற்கு.

நாற்பத்தேழாம் பேட்ச் வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு லாரி ஏறுகிறது. நான்காம் நிலைத் தேர்வு அதே நாள் காலை பதினொன்றுக்கு. அவள் புதன்கிழமையே தேர்வுக்குப் பெயர் கொடுத்தாள்.

வியாழக்கிழமை வகுப்பு. பயிற்சியாளர் ஒரு பெண்மணி, வெளிநாட்டு விமான நிலையம் ஒன்றில் பதினோரு மணி நேரம் இருந்தவர். விமானம் தாமதம். அந்தப் பதினோரு மணி நேரத்தில் கேட்டதைத்தான் இங்கே நான்கு நிலைக்கும் பாடமாக வைத்திருந்தார்.

“கெட்ட செய்தி சொல்றது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல,” என்று ஆரம்பித்தார். “யார் வேணா சொல்லலாம். தெருவுல போறவன்கூடச் சொல்லுவான். கேக்கறவங்களுக்குத் தெரியாம சொல்றது இருக்கே, அதுதான் படிப்பு.”

வகுப்பில் அவளோடு இன்னொருவர்தான் இருந்தார். கம்பெனி வேன் டிரைவர். வேனுக்குப் பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்வதற்காகச் சேர்ந்தவர். மூன்று முறை தோற்றிருந்தார். அவர் நெற்றியில் ஐந்து தையல் இருந்தது.

“டிரைவர் சார், நீங்க ட்ரை பண்ணுங்க,” என்றார் பயிற்சியாளர்.

டிரைவர் எழுந்து நின்றார். “கைஸ்,” என்றார். வியர்த்தது. “கைஸ், பிரேக்கு...”

“பிரேக்னு சொல்லாதீங்க!”

“பின்ன எதைச் சொல்றது மேடம்?”

“அதைச் சொல்லாம சொல்லுங்க. சிரிங்க. தையல் பிரியாதபடி சிரிங்க.”

மாலை பேருந்து நிறுத்தத்தில் லேபிள் நின்றிருந்தாள். புட்டிகளில் லேபிள் ஒட்டுகிறவள், இருபத்து நான்கு வயது. அவளும் அப்பாவும் மட்டும்தான். அப்பாவுக்குச் சின்ன வயதிலேயே ஒரு கண் போய்விட்டது. மற்றதில் புரை விழுந்து, போன வாரம் அறுவை செய்திருந்தார்கள். நாளைக்குக் கட்டுப் பிரித்ததும் சொட்டு மருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒவ்வொரு பேட்சிலும் முதல் பெட்டியை ஊழியர்களின் வீட்டுக்குக் கொடுப்பது கம்பெனி வழக்கம்.

“நாளைக்கு முதல் பெட்டில ரெண்டு புட்டி எனக்குன்னு சொல்லி வச்சிருக்கேன்க்கா,” என்றாள் லேபிள். “வெளில வாங்கற மருந்தவிட நம்ம மருந்து நல்லதுதான?”

டெஸ்டிங் சுற்றிலும் பார்த்தாள். கேட்பாளர் யாரும் இல்லை. “வாங்காதடி. கலங்கியிருக்கு. கிருமி இருக்கு.”

லேபிள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். “வட்டத்துல சொன்னீங்கன்னு கேள்விப்பட்டேன். குறி போட்டாங்களாமே?”

“ஆமா.”

“உண்மைன்னா ஏங்க்கா குறி போடறாங்க?”

“நான் சொன்ன விதத்துக்குப் போட்டாங்க. சொன்னது உண்மைதான்.”

“கோச்சுக்காதீங்க. உங்களுக்கு நாலு கிடையாது. மேல அவ்வளவு பேர் படிச்சவங்க இருக்காங்க. தப்பான மருந்தை அனுப்புவாங்களா? நாளைக்குத் தேர்வுல சொல்லப்போறீங்கல்ல, அவங்க நிறுத்துன்னு சொல்லட்டும். நான் தொடமாட்டேன். எங்கப்பா மேல சத்தியமா.”

பேருந்து வந்தது.

வீட்டில் அவள் கணவன் மேல் பயிற்சி செய்தாள். கணவன் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான். பால் திரிந்துபோயிருந்தது. அந்தப் பாலில் காபி போட்டு அவன் முன்னால் வைத்து, திரிந்த செய்தியை நான்காம் நிலையில் சொன்னாள்.

“நல்லாப் பேசறியே,” என்று அவன் ஒரு வாய் குடித்தான். துப்பினான். “ஏண்டி, திரிஞ்சிருச்சுன்னு சொல்ல வேண்டியதுதான?”

“இவ்வளவு நேரம் அதைத்தான் சொன்னேன்.”

“எப்போ?”

அவளுக்கு நிம்மதியாக இருந்தது. நாளைக்குத் தேறிவிடுவாள் என்று தெரிந்துவிட்டது.

தேர்வு அறையில் குளிராக இருந்தது. துறைத்தலைவரும் இரண்டு உறுப்பினர்களும் நீள மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். பக்கவாட்டில் முகம் பார்ப்பவர் என்று ஓர் அலுவலர். தேர்வுக்கு வந்து பேசுகிறவரை அவர் பார்ப்பதில்லை. கேட்கிறவர்கள் மூவரின் முகத்தைப் பார்ப்பார். யாராவது புருவத்தைச் சுருக்கினால் பத்து மதிப்பெண் குறைப்பார். யாராவது “ஐயோ” என்றால் தோல்வி.

முதலில் டிரைவர் போனார். இரண்டு வாக்கியம் ஒழுங்காகச் சொன்னார். மூன்றாவதில் தன்னை அறியாமல் நெற்றித் தையலைத் தடவினார். ஓர் உறுப்பினரின் புருவம் சுருங்கியது. டிரைவர் வெளியே வந்து, யாரையும் பார்க்காமல், வேன் சாவியை எடுத்துக்கொண்டு போனார். பன்னிரண்டு மணி ஷிப்டு ஆட்களைக் கொண்டுவர வேண்டும்.

அவள் போய் நின்றாள். கைகளை மேசைக்காரர்கள் பக்கம் இயல்பாக விரித்தாள். சிரித்தாள்.

“கைஸ், ஜஸ்ட் எ குவிக் ஹெட்ஸ் அப். ஃபார்ட்டி செவன் இஸ் நாட் குவைட் தேர் யெட். வி மைட் வாண்ட் டு ஹிட் பாஸ். நோ பிக்கி. லெட்ஸ் சர்க்கிள் பேக் வென் வி ஹாவ் த பேண்ட்வித்.”

ஐந்து வாக்கியம். ஒரு சின்னத் தகவல் இருக்கிறது, நாற்பத்தேழு இன்னும் சரியாக வரவில்லை, கொஞ்சம் நிறுத்தி வைக்கலாம், பெரிய விஷயம் ஒன்றுமில்லை, நேரம் கிடைக்கும்போது பேசுவோம். கோல் கோலாக நகர்ந்த கிருமிகளையும் மூன்று குழாய்களையும் அவள் இதற்குள்தான் வைத்திருந்தாள்.

மூவர் முகத்திலும் ஒரு மாற்றமும் இல்லை. ஓர் உறுப்பினர் கொட்டாவிகூட விட்டார். முகம் பார்ப்பவர் எழுந்து நின்று, “நூற்றுக்கு நூறு,” என்றார். நால்வரும் கைதட்டினார்கள்.

“இந்தத் துறை ஆரம்பிச்சதுலேர்ந்து இப்படி ஒருத்தரைப் பார்த்ததில்ல,” என்றார் துறைத்தலைவர். “நீங்க பேசி முடிச்சதும் எனக்கு மனசு லேசாயிடுச்சும்மா. வீட்ல ஒரு பிரச்சினை. அதுகூட மறந்துபோச்சு.”

“தேங்க்யூ சார். அப்போ நிறுத்திடலாமா?”

“எதை?”

“நாப்பத்தேழை.”

துறைத்தலைவர் மற்ற இருவரையும் பார்த்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார்: “இது தேர்வும்மா. தேர்வுல சொல்றது உதாரணம். உதாரணத்தை நம்பி யாராவது லாரியை நிறுத்துவாங்களா? திங்கக்கிழமை முதலாளி வந்து சான்றிதழ்ல முத்திரை வைப்பார். அதுக்கப்புறம் எந்தக் கெட்ட செய்தியை வேணாலும் தைரியமா சொல்லலாம். முத்திரை விழற வரைக்கும் ஒரு வெறும் பேச்சு வந்தாலும் சான்றிதழ் ரத்து. உங்களுக்கு ஏற்கெனவே ரெண்டு குறி இருக்கு, வேலையும் போயிடும். வீணாக்கிக்காதீங்க. உங்களை நம்ம துறைக்கே எடுத்துக்கலாம்னு இருக்கேன். ஏசி இருக்கு.”

அவள் வெளியே வந்தாள். நடைபாதையில் மாதிரிப் பெட்டிகளுக்கு நடுவே லேபிள் நின்றுகொண்டிருந்தாள். கையில் இரண்டு புட்டிகள். சுவரோரம் கேட்பாளர்.

“என்னக்கா ஆச்சு?”

“முழு மார்க்கு,” என்றார் கேட்பாளர் பெருமையாக.

“நாப்பத்தேழு பத்திச் சொன்னீங்களா?”

“சொன்னேன்.”

“என்ன சொன்னாங்க?”

டெஸ்டிங் கேட்பாளரின் நோட்டைப் பார்த்தாள். பேனா மூடி திறந்தே இருந்தது.

“கைதட்டினாங்க.”

“அப்பாடா!” லேபிள் புட்டிகளைக் கைப்பைக்குள் போட்டாள். “நேத்து உங்க மூஞ்சியப் பார்த்து பயந்தேபோயிட்டேன். அப்பா காலைலேர்ந்து மருந்து மருந்துன்னு ஒரே நச்சரிப்பு. வர்றேன்க்கா.”

நடைபாதை நீளமானது. லேபிள் கடைசிவரை நடந்து கதவைத் திறந்து வெளியே போக முக்கால் நிமிடமாவது ஆகியிருக்கும். வேண்டாம் என்ற ஒரு சொல்லுக்கு அது தாராளம்.

சனிக்கிழமை இரண்டு முறை லேபிளின் எண்ணை எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு முறை. போனில் பேசியதும் குறியாகுமா என்று விதிப்புத்தகத்தில் தேடினாள். ஆகாது என்று இருந்தது. ஆனால் லேபிள் திங்கட்கிழமை கூடத்தில் நாலு பேரிடம் சொல்லிவிடுவாள். டெஸ்டிங் அக்கா சொன்னதாகத்தான் சொல்லுவாள். இரண்டு நாள்தானே, எல்லாக் கண்ணிலும் கிருமி பிடித்துக்கொள்வதில்லை என்று அவள் படித்த படிப்பிலேயே இருந்தது. இருபதில் மூன்றுதான் கலங்கியது. அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். போனைக் கீழே வைத்தாள்.

திங்கட்கிழமை காலை முத்திரை விழுந்தது. முத்திரை காய்வதற்குள் அவள் முதலாளியிடம், அந்த ஐந்து வாக்கியத்தையும் சொன்னாள். பிறகு, சான்றிதழ் கையில் இருக்கும் தைரியத்தில், லாரியைத் திருப்பிக் கூப்பிட வேண்டும் என்றும் சேர்த்தாள்.

முதலாளி அவள் தோளில் இயல்பாகக் கை போட்டார்.

“லாரி போயி மூணு நாள் ஆச்சும்மா. போகப்போற மருந்தைப் பத்திச் சொன்னா அது கெட்ட செய்தி. போன மருந்தைப் பத்திச் சொன்னா அது பழைய செய்தி. அதுக்கு அஞ்சாம் நிலை வேணும்.”

“அஞ்சாம் நிலை இருக்கா சார்?”

“அடுத்த வருஷம் ஆரம்பிக்கலாம்னு இருக்கோம். பாடம் நீங்களே எழுதுங்களேன்.”

அவள் துறைக்கு மாற்றப்பட்டாள். ஆய்வகத்தில் அவள் இடத்துக்கு ஆள் போடவில்லை. அறிக்கைத் தாளில் யாரும் குறியிடாததால் எல்லாப் பேட்சும் ஆசம் ஆயிற்று. அவளுடைய ஐந்து வாக்கியங்களையும் பெரிய எழுத்தில் அச்சிட்டு, மாதிரி விடை என்ற தலைப்போடு, கூடத்திலும் சாப்பாட்டு அறையிலும் பெண்கள் கழிப்பறையிலும் ஒட்டினார்கள். நான்காம் நிலைக்குப் போகிறவர்கள் சாப்பிட்டுக்கொண்டே மனப்பாடம் செய்தார்கள். நாற்பத்தேழு சரியில்லை என்று இப்போது அறுநூறு பேரும் தினமும் சொன்னார்கள்.

மூன்று வாரத்தில் பதினேழு கண்களைப் பற்றிக் கடிதங்கள் வந்தன. கடிதங்கள் வெறும் பேச்சில் இருந்ததால் துறை அவற்றைப் படிக்கவில்லை. புகார் சொல்ல விரும்புகிறவர்கள் நேரில் வந்து நான்காம் நிலைச் சொற்றொடரில் சொல்லலாம் என்று ஓர் அறிவிப்பு மட்டும் வைத்தார்கள்.

நேரில் வந்தது லேபிள் ஒருத்திதான்.

அவள் பதினெட்டு நாள் வேலைக்கு வந்திருக்கவில்லை. தலை வாரியிருந்தாள். துவைத்த துணி உடுத்தியிருந்தாள். அப்பாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே வந்தாள். கதவு மூடும்வரை அப்பா, சத்தம் வரும் பக்கமெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

மேசைக்குப் பின்னால் துறைத்தலைவர். அவர் பக்கத்தில் டெஸ்டிங்.

லேபிள் அவளைப் பார்த்தாள். கண்ணில் கோபம் இல்லை. பள்ளியில் ஒப்பிக்கப் போகிற பிள்ளை டீச்சரைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். “எனக்கு ரெண்டாம் நிலைதான். ஆனா நல்லா மனப்பாடம் பண்ணிருக்கேன்,” என்றாள். கைகளை இயல்பாக விரித்தாள். சிரித்தாள்.

“கைஸ், ஜஸ்ட் எ குவிக் ஹெட்ஸ் அப். ஃபார்ட்டி செவன் இஸ் நாட் குவைட் தேர் யெட். வி மைட் வாண்ட் டு ஹிட் பாஸ்...”

நின்றுவிட்டது. உதடு அசைந்தது. மறுபடி முதலிலிருந்து மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். அதே இடத்தில் நின்றது. துறைத்தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நடுவில் நின்றால் புகார் செல்லாது.

“நோ பிக்கி,” என்று டெஸ்டிங் எடுத்துக் கொடுத்தாள்.

“நோ பிக்கி,” என்றாள் லேபிள் அவசரமாக. “லெட்ஸ் சர்க்கிள் பேக் வென் வி ஹாவ் த பேண்ட்வித்.”

பிறகு இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டுவிட்டு, பதிலுக்கு நின்றாள்.

துறைத்தலைவர் திருப்தியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். டெஸ்டிங் பக்கம் குனிந்து கேட்டார்: “இந்தப் பொண்ணு என்ன சொல்ல வருது?”

டெஸ்டிங் பேனாவை எடுத்தாள்.

“உச்சரிப்பு நல்லா இருக்கு சார்,” என்றாள்.